வடை ஆறுவதற்குள் எடுத்த தீர்மானம்

மச்சான்,

நீ எங்களை விட்டுப் போனபிறகு, நேற்று எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் வடைப் பெட்டியைத் திறந்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. வடை வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தீர்மானமெல்லாம் மளமளவென்று நிறைவேறும். "ஆறப்போகுது, ஏகமனதாய் எண்டு போடுங்கோ" என்பார் தலைவர். நீ மட்டும் கையை உயர்த்துவாய். "எனக்குச் சம்மதமில்லை. என்ரை பேரைப் போட்டு எழுதுங்கோ." உன்னால் நான் தின்ற ஆறின வடை கொஞ்சமா!

ரூ லூயி-பிளாங் தெருத் தேநீர்க்கடையில் நாம் கடைசியாகப் பிடித்த சண்டை நினைவிருக்கிறது. நாசிகளிடமிருந்து தப்பிய யூத அகதிகளுக்குக் கனடா கதவைச் சாத்திய கதையை எங்கோ வாசித்துவிட்டு வந்திருந்தாய். என் தங்கச்சிக்கு இடம் கொடுத்த கனடாவா என்று நான் முதலில் நம்பவேயில்லை. பிறகு, பிழை பிரதமரில்தான், குடிவரவு அதிகாரி மேலிடம் சொன்னதைச் செய்கிறவன் என்று வாதாடினேன். நீ விடவில்லை. அதிகாரி விரும்பித்தான் மறுத்தான் என்றாய். பிரதமர் வாக்குப் போய்விடும் என்று பயந்தாராம், வாக்குப் போட்ட சனமும் அகதிகள் வரவேண்டாம் என்றதாம்.

"ஆளாளுக்கு மற்றவனைக் காட்டினால், செத்த சனத்துக்கு ஆரடா பொறுப்பு?"

எனக்குக் கோபம் வந்து எழும்பி நடந்தேன். நீ மெட்ரோ வாசல்வரை பின்னால் வந்து இன்னும் இரண்டு நியாயம் சொன்னாய்.

நேற்றைய விசயம் இதுதான். பாலத்தடியில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கும் சூடான், ஆப்கான் அகதிப் பெடியளுக்கு எங்கள் சங்கத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தங்குமிடம் திறக்கப் போகிறார்களாம். வேண்டாமென்று சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும் என்றார் தலைவர். "முடிவெடுக்கிறது மெரி, நகரசபைதானே. நாங்கள் சும்மா ஒரு கடிதம் குடுக்கிறம், அவ்வளவுதான்." அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு காலத்தில் இதே ஊரில் அகதி வழக்குப் போட்டவர்கள். அதை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வடை ஆறுது" என்றார் தலைவர்.

நான் வேலை செய்யும் கடையின் முதலாளியும் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கையை உயர்த்தினேன். "எனக்குச் சம்மதமில்லை, அண்ணை. என்ரை பேரைப் போட்டு எழுதுங்கோ."

ஒருவரும் என் பக்கம் வரவில்லை. கடிதம் போய்விட்டது, ஏகமனதாக என்ற சொல் இல்லாமல். இன்று கடையில் முதலாளி என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது.

நேற்று எல்லோரும் போனபிறகு பெட்டியில் ஒரு வடை மிஞ்சியிருந்தது. ஆறித்தான் போயிருந்தது. நீ வழக்கமாய் இருக்கும் வெறுங் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து தின்றேன்.