ஐந்து காபன் வளையம்: ஆறா, ஏழா

ஜூலை 16, புதன்

கச்சான் காற்று. காலையிலேயே கொதி. C₅H₁₀, வளையங்கள் மட்டும். ஒரே சூத்திரம், வேறு வேறு அமைப்பு: எத்தனை சமபகுதியம்?

ஐந்து காபன் வளையம் – 1
நாலு காபன், ஒரு மெதைல் – 1
மூன்று காபன், ஒரு எதைல் – 1
மூன்று, இரண்டு மெதைலும் ஒரே காபனில் – 1
மூன்று, மெதைல்கள் அடுத்தடுத்த காபன்களில்: வளையத்தின் ஒரே பக்கம் 1, எதிர்ப்பக்கம் 1

ஆக 6. என்னோடு சோதனை எடுக்கும் மல்லிகா மச்சாள், மாமாவின் மகள், 7 என்கிறாள். எதிர்ப்பக்கத்தது இரண்டாம், ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பமாம். ஒன்றைக் கீறி, தாளைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். மற்றது மாதிரியே தெரிந்தது. பிறகென்ன?

"தாளப் புரட்டினா மேல நிண்டது கீழ வராதா கா?" என்றாள்.

எரிச்சல். "போன வருசம் ஃபெயில் விட்ட ஆள் எனக்குப் படிப்பிக்க வேணாம்" என்றுவிட்டேன். எழும்பித் துறைக்குப் போய், பாதைப் படகில் ஏறி, வாவிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குப் போய்விட்டாள். இருவருக்கும் இருக்கும் ஒரே நோட்டுக் கொப்பி இங்கே.

ஜூலை 18, வெள்ளி

கொப்பி முழுக்க எனக்கே. ஆனால் படிக்க மனமில்லை.

பத்து மணிக்கு மாமா. தயிர்ச் சட்டி, கூடவே மச்சாள் தந்த பாசல். களிமண் உருண்டையும் ஈர்க்கும் வைத்து எதிர்ப்பக்கத்து வளையங்கள் இரண்டு. வழியில் ஆமிச் சென்றியில் மறித்த கதை ஏதோ மாமா சொன்னார், நான் கேட்டால்தானே. பக்கத்தில் வைத்துத் திருப்பினேன். இரண்டும் அச்சொட்டாக ஒன்று! மாமாவிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்: "நன்றி. 6."

ஜூலை 19, சனி

ஆமியின் சுற்றிவளைப்பாம். பாதை ஓடவில்லை. அந்தத் துண்டை நினைக்க வெட்கமாக இருக்கிறது. ஆறோ ஏழோ, அவள் வந்தால் போதும்.

ஜூலை 21, திங்கள்

பாதை ஓடுகிறது. மச்சாள் வந்துவிட்டாள்! வளையங்களைப் பார்த்தாள், சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

"சென்றியில ஆமிக்காரன் ஒண்ட உடைச்சுப் பாத்தவனாம். பிறகு மற்றதப் பாத்துப் பாத்து அவனே பொருத்திக் குடுத்தவனாம். அப்பா சொல்லல்லியா?"

சொல்லியிருக்கிறார்.

ஒன்றில் மேலே நின்ற ஈர்க்கைக் கீழே, கீழே நின்றதை மேலே மாற்றிக் குத்தினாள். எப்படித் திருப்பியும் இப்போது பொருந்தவில்லை. ஏழுதான்.

"மன்னிச்சிரு மச்சாள்."

"ஃபெயில் விட்ட ஆளிட்டயா கேக்கிறாய்?" என்று தலையில் குட்டினாள். வலித்தது, நல்லாயிருந்தது.

கொப்பியை நீட்டினேன். வேண்டாமாம். சோதனை முடியுமட்டும் இங்கேதான் நிற்பாளாம். பையில் நாலு சட்டை. வெள்ளிக்கிழமை, என் துண்டைப் படித்த கையோடு அடுக்கினதாம்.