போருக்கு ஐந்து காரணங்கள்

3 மார்ச் 1919, திங்கள்

ஸ்ட்ராஸ்பூர்க் கல்வி அலுவலகத்திலிருந்து பாடத் தாள் வந்தது. தலைப்பு: ‘போர் மூண்டதற்கான காரணங்கள்’. மொத்தம் ஐந்து. நான் வாசிக்க வேண்டும், மாணவிகள் சொல் பிசகாமல் நோட்டில் எழுத வேண்டும், நான் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்திட வேண்டும். பதினெட்டு வருடமாக அல்சாஸில் எனக்கு இதே வேலைதான். போன நவம்பர்வரை ஊர் ஜெர்மனியுடையது, இப்போது பிரான்ஸுடையது; அன்று ஜெர்மனில் வாசித்தேன், இன்று பிரெஞ்சில். பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எனக்கே நாலு முறை அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது.

நான்காவது காரணத்துக்கு வந்தபோது, தாளைப் பார்க்காமலே அடுத்த வரி நாக்கில் வந்து நின்றது. இதை முன்பே எங்கோ வாசித்திருக்கிறேன்.

4 மார்ச்

வாசித்திருக்கிறேன்! பரணில் கிடைத்தது. 1914 செப்டம்பர் தாள், ஜெர்மனில். அதே தலைப்பு. அதிலும் ஐந்து. அன்று முதல் காரணம் ரஷ்யா படை திரட்டியது. இன்று முதல் காரணம் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அன்று இங்கிலாந்தின் பொறாமை, இன்று கைசரின் பேராசை. கடைசி வரி மட்டும் இரண்டிலும் ஒன்றே: ‘ஆகவே நம்மீது குற்றமில்லை.’

நம்மீது என்றால் யார்மீது? நான் எங்கும் போகவில்லையே. அதே வகுப்பு, அதே நாற்காலி, முழங்காலில் அதே வலி.

தங்கை வால்புர்கா இரண்டு தாளையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “அடுப்புல போடுக்கா. அப்பா ரைன் நதிக்கு அந்தப் பக்கம், ஜெர்மனில பொறந்தவருன்னு ஏற்கெனவே நமக்கு ‘பி’ அட்டைதான் குடுத்திருக்காங்க. ‘ஏ’ காரங்க இருக்கலாம், ‘டி’ காரங்க மூட்டை கட்டணும். நாம நடுவுல தொங்கறோம். இதுல இது வேறயா?”

போடவில்லை. ஏன் இரண்டிலும் ஐந்து? ஏன் மூன்றோ ஏழோ இல்லை?

11 மார்ச்

ஒரு வாரமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி: போர் யாரால் வந்தது? ஊரில் எனக்குப் பைத்தியம் என்று பேச்சு கிளம்பியிருக்கும்.

மளிகைக்கடை ஸ்டோஃபெல்: “கைசராலதான். வேற யாரு?”

“போன வருஷம் யாரு?”

“போன வருஷம் ஜார். டீச்சரம்மா, கடைக்காரன்கிட்ட தராசு இருக்கலாம், கருத்து இருக்கலாமா?”

வால்புர்கா ஊருக்கே துணி வெளுப்பவள். அவள் பதில்: “ஒருநாளாவது ரத்தக்கறைய கையால கசக்கித் துவைச்சிருந்தா அந்த ஆம்பிளைங்க ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க.”

லியோனிலிருந்து வந்திருக்கும் புதுத் தலைமையாசிரியை மதாம் ரூபோ: “அதான் தாள்லயே இருக்கே. இதுல கேக்க என்ன இருக்கு?” அவர் கணவர் வெர்டன் போர்முனையில் ஜெர்மானியரோடு பொருது மாண்டவர். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

12 மார்ச்

என்னை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்?

20 மார்ச்

கேட்கப் போகிறார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதி, யாரை வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் ஊர் விசாரணைக் குழுவின் முன் நான் நிற்க வேண்டும். சாட்சியம் ஒரு நோட்டுப் பக்கம் — 1914-இன் ஐந்து காரணங்கள், குழந்தைக் கையெழுத்தில். அடியில் சிவப்பு மையில் ‘மிக நன்று’, என் கையெழுத்து. பிள்ளைகள் மனதில் நஞ்சு கலந்தேனாம்.

தீர்ப்பு பாதகமானால் ஆளுக்கு முப்பது கிலோ மூட்டையோடு ரைன்மேல் இருக்கும் பிரைசாக் பாலத்தைத் தாண்டி ஜெர்மனிக்குப் போக வேண்டும். திரும்பி வர முடியாது. இந்த வீடு, அம்மாவின் கல்லறை, எல்லாம் இந்தப் பக்கம்.

யார் காட்டிக் கொடுத்தது? பாவி, யார்?

22 மார்ச்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்து என்ன பயன்!

அந்தப் பக்கம் பெர்த்தா ஹாஃப்னருடையது. அவள் அம்மா பழைய நோட்டுகளை ஸ்டோஃபெல் கடையில் போட்டிருக்கிறாள். “பழைய நோட்டுதானேன்னு போட்டேன் டீச்சரம்மா, என் கை அழுகிப் போக” என்று ஒரே அழுகை. காகிதத் தட்டுப்பாட்டில் ஸ்டோஃபெல் அதைக் கிழித்துப் பொட்டலம் மடித்தான். “நான் மடிக்க மட்டுந்தான் செஞ்சேன்.” குழு எழுத்தரின் மனைவி அதில் சிகோரிப் பொடி வாங்கினாள். “கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு, அவருகிட்ட காட்டினேன்.” எழுத்தர் அதைத் தலைவரிடம் கொடுத்தார், கொடுக்காவிட்டால் அவர் வேலை போயிருக்கும்.

ஒருவருக்கும் என்மேல் பகையில்லை. ஆகவே யார்மீதும் குற்றமில்லை —

எழுதிவிட்டுத்தான் பார்க்கிறேன். தாளின் கடைசி வரியை நானே எழுதியிருக்கிறேன். எவ்வளவு சுகமாக வருகிறது!

இல்லை. எழுத்தருக்குத் தெரியும், அதைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று. அவர் பங்கு பெரிது, ஸ்டோஃபெலின் பங்கு சிறிது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்லிக் கைகழுவ முடியாது. அப்புறம், ‘மிக நன்று’ என்று எழுதியது சிகோரிப் பொடி இல்லையே. நான்தானே?

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எழுதக் கூசுகிறது. அன்று அந்த வகுப்பில் பெர்த்தா கை தூக்கினாள். ஒன்பது வயது. “டீச்சர், ரஷ்யாதான் நம்மள அடிக்க வந்துச்சுன்னா, நம்ம படை ஏன் பெல்ஜியத்துக்குப் போச்சு? பெல்ஜியம் என்ன பண்ணுச்சு?”

நான் சொன்னது: “பேசாம எழுது.”

2 ஏப்ரல்

மூன்று பேர். தலைவர் கெட்டவர் இல்லை. தப்பிக்க அவரே வழி காட்டினார்.

“இதை எழுத வெச்சது நீங்கதானா? மேலிடத்து உத்தரவு, இல்லையா?”

“உத்தரவு வந்துச்சு. அன்னைக்கு ஒரு பொண்ணு கேள்வியும் கேட்டுச்சு. உத்தரவுக்குப் பணிஞ்சேன், பொண்ண அதட்டினேன். ரெண்டும் நான்தான்.”

“சரி, போகட்டும். இப்ப சொல்லுங்க. போருக்கு யார் காரணம்?”

புதுத் தாள் எனக்கு மனப்பாடம். ஐந்தையும் ஒப்பித்திருந்தால் மத்தியானச் சூப்புக்கு வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் உண்மையிலேயே கேட்பதுபோல் இருந்தது. இத்தனை நாளில் என்னை முதன்முதலாகக் கேட்ட ஆள்!

“பெல்ஜியத்துக்குள்ள புகுந்தது ஜெர்மன் படை. அதுல எனக்குத் துளி சந்தேகம் இல்ல. பழியில ஆஸ்திரியா பங்கு எவ்வளவு, ரஷ்யா எவ்வளவு, மத்தவங்க எவ்வளவுன்னு எனக்கு இன்னும் தெரியல. அவங்கவங்க பூட்டி வெச்சிருக்கிற கடுதாசியெல்லாம் வெளிய வரட்டும். எல்லாத்தையும் படிக்கணும்னு ஆசையா இருக்கு.”

“புதுத் தாள்லதான் முழுசா இருக்கே?”

“பழைய தாளும் இதே மாதிரி முழுசாத்தான் இருந்துச்சு, ஐயா.”

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை.

வெளியே வால்புர்கா என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். “தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாள். வழியெல்லாம் திட்டினாள். ஆனால் கையை விடவில்லை.

9 ஏப்ரல்

தீர்ப்பு வந்துவிட்டது. நாளை காலை பாலம். துவைக்கிற அண்டா மட்டும் பதினோரு கிலோ. அதை விட்டுவிட்டு வால்புர்கா வரமாட்டாளாம். என் குளிர்கால மேலங்கியை எடுத்துப் பெட்டிக்கு வெளியே வைத்தேன்.

மாலை மதாம் ரூபோ வந்தார். உட்காரவில்லை. “அந்தப் பொண்ணுக்கு நீங்க அன்னைக்கே பதில் சொல்லியிருந்தா?” என்றார்.

“போர் ஒண்ணும் நின்னிருக்காது, மதாம்.”

“நின்னிருக்காதுதான்.” பிறகு தன் பிரெஞ்சு அகராதியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எடை பார்த்தோம். ஒன்றரைக் கிலோ. இரண்டு பாவாடையை எடுத்துவிட்டு அதை வைத்தேன். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

13 அக்டோபர் 1919, திங்கள்

ஜெர்மனி, பாடன் பகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளி. வேலையில் சேர்ந்து மூன்று வாரம். இங்கே என்னை ‘பிரெஞ்சுக்காரி’ என்கிறார்கள். வால்புர்காவுக்கு அண்டா நிறைய வேலை.

இன்று மேலிடத்திலிருந்து தாள் வந்தது. தலைப்பு தெரிந்ததுதான். எண்ணிப் பார்த்தேன்: ஐந்து. முதலாவது மறுபடியும் ரஷ்யா படை திரட்டியது. பெல்ஜியம் எங்குமே இல்லை. கடைசி வரிக்குக் கண்ணை ஓட்டவே வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் பார்த்தேன். இருந்தது.

பிள்ளைகள் பேனாவை மையில் தோய்த்துக் காத்திருந்தார்கள். வாசித்தேன். முதல் வரி முடிவதற்குள் கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. பால்காரர் மகள், லினா. அவள் மாமா பெல்ஜியத்து லியேஜில் சண்டையிட்டுக் கால் போனவராம்.

“டீச்சர், அப்ப பெல்ஜியம் என்ன பண்ணுச்சு?”

வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் போக எனக்கு வேறு ஊர் இல்லை. அதுவும் மனதில் ஓடத்தான் செய்தது.

“பேனாவ வைங்க எல்லாரும்,” என்றேன். “லினா, நீ எந்திரிச்சு நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவ கேளு.”

கேட்டாள்.

ஆய்வாளர் வியாழக்கிழமை நோட்டுகளைப் பார்க்க வருகிறாராம். எல்லா நோட்டிலும் அந்த ஒரு கேள்விதான் இருக்கும். கீழே என் கையெழுத்தும்.