இருபத்திரண்டாம் வீட்டுக் குழந்தை

ஆனி 5, திங்கள்

புழுதிக் காற்று. செந்துறைக்கு இப்பால் ஒரு ஊர். கணக்கெடுப்பு முதல் நாள். துணைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் ரெங்கசாமி. குடையை அரியலூர் ஸ்டேஷனில் விட்டுவிட்டேன்.

டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு இப்போது ஆராய்ச்சி முறைப் பயிற்சி. வீடு வீடாக, கைக்குழந்தைகள் எத்தனை, தவறியவை எத்தனை, என்ன நோய். கேட்பது, எழுதுவது. வைத்தியம் கூடாது. நாம் கை வைத்தால் ஊரின் உண்மை நிலை தெரியாமல் போகும் என்று புரொபசர் வகுப்பில் மூன்று தடவை சொன்னார். அப்போது ஒழுங்காகக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டாம் வீடு. அஞ்சலை, கூலி வேலை. மடியில் நாலு மாசப் பெண் குழந்தை. கண் குழிந்து, உதடு காய்ந்து. இரண்டு நாளாகப் பேதி.

"பால இழுக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா. ஏதாச்சும் குடுங்க."

அரியலூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். படிவத்தில்: பெண், உயிருடன்.

ஆனி 6, செவ்வாய்

தலைவலி. 14 வீடு. அஞ்சலை வீடு சாத்தியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். புரொபசருக்குக் கடிதம்: ரொம்ப மோசமான குழந்தைகளுக்கு மட்டுமாவது மருந்து கொடுக்கலாமா?

ஆனி 10, சனி

பதில் வந்தது. நாலு வரி. கொடுத்தால் அந்த ஊரையே கணக்கிலிருந்து நீக்க வேண்டுமாம். இந்தக் கணக்கைக் காட்டித்தான் ஜில்லாவுக்கு டாக்டர்கள் கேட்க முடியும் என்கிறார். கெட்டவர் இல்லை. சொல்வதும் சரிதான். இரவு மோர் சாதம்.

ஆனி 12, திங்கள்

பிழை பார்க்கப் பத்து வீட்டுக்கு ஒன்று மறுபடி கேட்க வேண்டும். பட்டியலில் 22.

அஞ்சலை விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை வியாழக்கிழமை போய்விட்டது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் ரோட்டில் காத்திருந்தார்களாம். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் ஒரே பஸ், அதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் நடந்தார்கள். பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.

"நீங்க எழுதிக்கிட்டுப் போனீங்களே, அதுக்கு மருந்து வரும்னு இருந்தேங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அவளோடு உட்கார்ந்து கொஞ்சம் கடலை உடைத்தேன்.

வெளியே வந்ததும் ரெங்கசாமி: "மொத நாளு உசுரோட இருந்துச்சில்லங்க. அப்படியே விட்டுடணும்."

விதி அதுதான். முதல் முறை போன நாளின் நிலைதான் கணக்கு. மாற்றவில்லை. உயிருடன்.

ஆனி 13, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை. அறுபத்தேழாம் வீடு. ஆறு மாச ஆண் குழந்தை. அதே குழிந்த கண்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். கஞ்சித் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக. ஊரே கணக்கிலிருந்து போய்விடும் என்று ரெங்கசாமி மரியாதையாக நினைவுபடுத்தினார். போகட்டும் என்றேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு மாட்டு வண்டி கேட்கத் தெருவுக்குள் போனார்.

ஒரு பாலாடை உள்ளே போனால் பாதி வெளியே வருகிறது. மறுபடி. தாய் என் கையையே பார்க்கிறாள். இப்போது குழந்தை அவளிடம். இங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அரியலூர் போய்ச் சேர வெயில் சாய்ந்துவிடும்.

வண்டி இன்னும் வரவில்லை.