கமராவுக்கு நேரே ஒரு கதிரை

ஆவணி 14, செவ்வாய், இரவு

இன்றோடு பத்தொன்பது நாள். ரவுட்டரில் இன்னும் சிவப்பு வெளிச்சம்தான். ஒரு வருடக் காசை முற்பணமாக வாங்கிய இன்டர்நெற் கம்பனி, போன் எடுத்தால் பாட்டு மட்டும் போடுகிறது. பொறுக்க முடியாமல் இன்று புத்தூரிலிருந்து பஸ் ஏறி அவர்களின் யாழ்ப்பாணத்துக் கந்தோருக்கே போனேன். அங்கிருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கடை லைன் வேலை செய்யுது ஐயா" என்றாள்.

"அப்ப வந்து பாருங்கோ. இல்லாட்டி மிச்சக் காசைத் தாங்கோ."

"கட்டின காசு திருப்பித் தரேலாது ஐயா."

பின்னேரம் கனடாவிலிருந்து மகன் என் பட்டன் போனுக்கு எடுத்தான். காசு கட்டியவன் அவன். நான் தனியே இருக்கிறேன் என்று விறாந்தையில் கமரா பூட்டுவித்தவனும் அவன்தான்.

"கம்பனியிட்டைக் கேட்டனான். லைன் சரியாம். திரும்பவும் வயரைக் கழட்டிப்போட்டியளே அப்பா?"

சித்திரையில் ஒருநாள் கழற்றியது உண்மை. கமராவில் மகன் காணாமல் சிநேகிதனோடு இருந்து கொஞ்சம் கள்ளுக் குடிப்பதற்காக. அன்றைக்கும் லைன் பழுது என்றுதான் சொன்னேன். பிறகு பிடிபட்டேன்.

"இல்லையடா தம்பி, சத்தியமாய் இல்லை."

"சரி அப்பா" என்று வைத்துவிட்டான். அவன் தாயும் என்னை நம்பாதபோது இப்படித்தான் 'சரி' என்பாள்.

கமராவுக்கு நேரே கதிரையைப் போட்டு இதை எழுதுகிறேன். லைன் எப்போது வந்தாலும் அவன் முதலில் என்னைக் காணட்டும். நுளம்பு கடித்துப் பிய்க்கிறது, நித்திரையும் தூக்குகிறது. எழும்பி உள்ளே போகலாம். ஆனால் நான் போன பிறகு அந்த வெளிச்சம் பச்சையாகி, அவன் வெறுங்கதிரையைப் பார்த்தால், அப்பா திரும்பவும் கள்ளுக்குப் போய்விட்டார் என்றுதான்...