மலைப்பாதையில் தூங்கிப்போன டிரைவருக்கு

என் அப்பாவுக்கு, வெள்ளிமலை பஸ்ஸின் டிரைவருக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள். சர்க்கரையைக் குறைத்துவிட்டதாக உன்னிடம் சொல்லச் சொன்னாள். பொய். இப்போதும் காபியில் அள்ளித்தான் போட்டுக்கொள்கிறாள். நேற்று உன் கருமாதி முடிந்தது. நான் இன்னும் கள்ளக்குறிச்சியில்தான் இருக்கிறேன். உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினாய். ஊர் மொத்தமும் அதில் ஏறியது. என்னையும் அம்மாவையும் மட்டும் ஏற்றமாட்டாய். "சொந்த ரத்தம் பின்னால குந்திக்கினு இருந்தா எனக்கு ஸ்டேரிங்ல கை நிக்காது" என்பாய். காலேஜ் முடித்ததும் கார் ஓட்டக் கற்றுக்கொடு என்று கேட்டேன். "ஸ்கூட்டி போதும், போ" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாய். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போன பிறகு பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன். உனக்கு டிக்கெட் எடுத்ததே அதைக் காட்டத்தான். ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கலாம் வா என்று போனில் சொன்னதெல்லாம் சாக்கு. என் பொண்ணு நல்லா ஓட்டுது என்று உன் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மலைக்குப் புறப்பட்ட காலையில், வாடகைக்கு எடுத்த காரின் வலது பக்கக் கதவைத் திறந்து நீ பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டாய். அங்கே ஸ்டேரிங் இடது பக்கம். "இன்னா பாப்பா, ஸ்டேரிங்க காணோம்?" என்று திருதிருவென விழித்தாய். பிறகு இறங்கி, முந்தின நாள் கடையில் நீயே தேடி எடுத்த எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தின் அடியில் வைத்தாய். கார் கொடுத்த ஆள் ஓடிவந்தான். ஏதோ கைதவறி உருண்டுவிட்டது என்று நினைத்து, அதை எடுத்துத் துடைத்து உன் கையிலேயே பவ்யமாகக் கொடுத்தான். நீ அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் அங்கேயே வைத்தாய்!

"மானம் போவுதுப்பா" என்றேன்.

"மலை ஏறப்போற வண்டி. சும்மா எடுக்கக்கூடாது" என்றாய்.

ஏற்றம் தொடங்கியதும் உன் வலது காலும் வேலையைத் தொடங்கியது. வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தாய். "ஆரன் அடி, ஆரன் அடி" என்றாய். இங்கே அடித்தால் திட்டுவார்கள் என்றேன். "அப்ப எதுர்ல வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாய். உன் காலையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் அது மிதிப்பது குறைந்தது. அப்புறம் நின்றேவிட்டது. அப்பாடா, மனுஷன் ஒத்துக்கொண்டார் என்று திரும்பினால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய்.

பனி மூடிய சிகரம் போனது, அருவி போனது, நீ அசையவே இல்லை. ஏரிக்கரையில் நிறுத்தியதும்தான் கண் விழித்தாய். "இதுக்கா இவ்ளோ தூரம் கூட்டிக்கினு வந்தேன்? தூங்கறதுக்குக் கள்ளக்குறிச்சில வூடு இல்ல?" என்று கத்திவிட்டேன். நீ துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். "நல்லா தூங்கிட்டேன் பாப்பா" என்றாய். அவ்வளவுதான். திரும்பும்போதும் தூங்கினாய். உன்னை ஏர்போர்ட்டில் விடும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் இருந்தேன். அதற்குப் பிறகு உன்னை உயிரோடு பார்க்கவில்லை.

நேற்று மணி மாமா வந்திருந்தார். உன் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவருக்கு உன் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. சாப்பிட்டவர் கை கழுவ நான் தண்ணீர் ஊற்றும்போது கேட்டார். "அண்ணன் ஒன் வண்டியில தூங்கிட்டாராமே?"

"ஆமாம் மாமா, போவும்போதும் வரும்போதும்" என்றேன் கடுகடுவென்று.

"இன்னா பாப்பா இப்பிடிச் சொல்ற? அடுத்தவன் ஓட்ற வண்டியில உங்கப்பாரு கண்ண மூடுவாரா? மெட்ராசுக்குப் போனாகூட டிரைவருக்குப் பின்னால குந்திக்கினு ரோட்டயே பாத்துக்கினு வருவாரே! நான் கொறட்ட வுடுவேன், அவரு முழிச்சிக்கினு இருப்பாரு. ஜெர்மனிலேர்ந்து வந்ததும் டெப்போ பூரா இதே கதைதான். 'மலையாடா அது! எம்பொண்ணு ஓட்னா, நான் தூங்கிட்டன்டா'ன்னு."

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏம்ப்பா, டெப்போ பூராவும் சொல்லத் தெரிந்த உனக்கு என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? கண் பட்டுவிடும் என்று இருந்தாயா? இல்லை, சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டாயா? "நல்லா தூங்கிட்டேன் பாப்பா" என்று சிரித்தாயே, அதுதானா அது? அங்கே அதைக் கேட்டுவிட்டுத்தானே நான் உன்னோடு பேசாமல் இருந்தேன். நான் ஒரு மடச்சி, அப்பா.

நாளைக்குக் காலையில் ஒரு வாடகைக் காரில் அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வெள்ளிமலைக்கு ஏறப்போகிறேன். உன் ரோட்டில் எனக்கு இதுதான் முதல் தடவை. எலுமிச்சம்பழம் வாங்கியாயிற்று. ஒரு வளைவு விடாமல் ஆரன் அடிப்பேன், சத்தியம். பக்கத்து சீட்டை நன்றாகச் சாய்த்து வைக்கிறேன். நீ தூங்குப்பா. இந்தத் தடவை திட்டமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைத் தூங்கவைத்த டிரைவர்,
உன் பாப்பா