காப்பு அவிழும் வரை

மாரியம்மாவிடமே சண்டை போடும் என் ஆசைத் தாத்தாவுக்கு,

நேற்றுதான் நம் ஊர்த் திருவிழா முடிந்தது. கூழ் ஊற்றுகிற நேரம் பார்த்து நல்ல மழை. நீ இருந்திருந்தால் கோயில் வாசலில் நின்று, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அவளை ஒரு பிடி பிடித்திருப்பாய். மழை வராவிட்டாலும் திட்டு, நேரங்கெட்டு வந்தாலும் திட்டு. இருந்தும் அவளைக் கும்பிடாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததுண்டா நீ?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போளூர் ஆஸ்பத்திரியிலும் அதே கூத்துதானே. குளித்து அவளைக் கும்பிடாமல் எப்படிச் சாப்பிடுவது என்று இட்லியைத் தள்ளிவிட்டாய். கடைசியில் அந்த நர்ஸ் பெண்ணே வெந்நீர் கொண்டுவந்து உன் உடம்பைத் துடைத்துவிட்டாள். இன்றும் என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் அவள் உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. உனக்குப் பதிலாக அப்பா கரகம் எடுக்க விரதமிருந்தார். காப்புக் கட்டியபின் ஊருக்குள் சாவு விழுந்தால் திருவிழா நின்றுபோகும் என்பது உனக்குத் தெரியாததா? ஊர் எல்லை ஓடையைத் தாண்டாமல் இந்தப் பக்கமே ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டாய். இங்கே சாமை விளையும் நம் கொல்லைக் கொட்டாயில் என்னைப் படுக்க வையுங்கள், ஊருக்குள் வர மாட்டேன் என்றாய்.

சேதி கேட்டு அப்பா ஓடிவந்தார். காப்புக் கட்டிய ஆள் எல்லை தாண்டக் கூடாது. அந்தக் கரையிலேயே நின்று கெஞ்சினார்.

"வூட்டுக்கு வாப்பா. திருவிழா நின்னா நின்னுட்டுப் போவுது."

"எனக்கோசரம் ஊர் சாமி நிக்கணுமா? போடா, போய் வேலையப் பாரு."

மூச்சு வாங்கிக்கொண்டே அப்படிச் சொன்னாயே, உனக்கு மட்டும் வீட்டில் கண்மூட ஆசை இருந்திருக்காதா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காப்புக் கட்டாத அத்தையும் நானும் உன் கூடவே இருந்தோம். எங்களிடம் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சேதி காதுல விழுந்தாத்தான் தீட்டு. காப்பு அவுக்கற வரிக்கும் வாயத் தொறக்காதீங்க."

திருவிழாவன்று காலை நீ போய்விட்டாய். அத்தை முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். பெற்ற தகப்பன் செத்துக் கிடக்கும்போது சத்தம் போட்டு அழாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மத்தியானம் பம்பைச் சத்தம் எங்களை நோக்கி வந்தது. கரகம் ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. நீ சாமி பார்க்க வேண்டும் என்று அப்பா ஊரையே ஓடைக்கரைக்குத் திருப்பிவிட்டிருந்தார். கொட்டாய் வாசலில் அத்தை, ஓடையோரம் நான். அப்பா தலையில் கரகத்தோடு அக்கரையில் நின்று என்னைப் பார்த்தார். எப்படி இருக்கிறார் என்ற கேள்விதான் அது. நன்றாக இருக்கிறார் என்பதுபோல் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, கோயிலைப் பார்க்கத் திரும்பினார்.

சாயங்காலம் காப்பு அவிழ்த்ததும் முதல் ஆளாக ஓடையைத் தாண்டி வந்தவர் அப்பாதான். அப்புறம்தான் அழுதோம் தாத்தா, ஊரே சேர்ந்து அழுதோம். அந்தக் கொல்லையிலேயே உன்னைப் புதைத்தோம்.

வருஷம் திரும்பாததால் போன ஆடிக்கு அப்பா கரகத்தைத் தொடவில்லை. இந்த ஆடிக்குத்தான் எடுத்தார். யாரும் சொல்லாமலே ஓடைக்கரைக்கு வந்து நின்றார். எல்லாம் முடிந்து கொட்டாய்க்கு வந்தவர், உன் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. உங்கத்த வாயில துணி அமுக்கினு இருந்தாளே, பாத்துட்டேன். ஆனா நீ வாயத் தொறக்கல, என் காதுல விழல. அதான் கரகத்தத் தூக்கினு போனேன்."

தலையில் கரகம், நெஞ்சுக்குள் நீ. அதோடு முகம் மாறாமல் ஊரைச் சுற்றி வந்திருக்கிறார். பிடிவாதத்தில் நீ பெரியவனா, உன் பிள்ளை பெரியவரா? எனக்கு இரண்டு பேரையும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அடுத்த ஆடிக்கும் போளூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். காப்பு மட்டும் கட்டிக்கொள்ள மாட்டேன். கரகம் வந்து நிற்கும்போது ஓடைக்கு இந்தப் பக்கம் உனக்காகத் தலையாட்ட ஒருத்தி வேண்டுமே.

உன் பக்கத்துக் கரையில் நிற்கும்,
உன் பேத்தி