வலத்து மாட்டுக்கு ஒரு கட்டு

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தினார்கள். நீ செய்த பொம்மை லாரி அலமாரியிலிருந்து மேசைக்கு வந்தது. அதன் மேலிருந்த பழைய வைக்கோல் தூளாகிப் போயிருந்ததால் தட்டிக் கொட்டிவிட்டு, புது அறுவடை வைக்கோல் ஒரு பிடி வாங்கி வரச் சொன்னேன். விரல் தண்டிக்குக் கட்டுகள் கட்டி, நீ ஏற்றுகிற மாதிரியே ஓரம் கட்டி, நடு அமுக்கி, பாரம் ஏற்றினேன். கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் பாரம் வலப்பக்கம் சாய்ந்தது.

முதலில் மேசையைச் சந்தேகப்பட்டேன். தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்ததில் மேசை மட்டமாகத்தான் இருந்தது. அடுத்து மருமகள். துடைக்கிறேன் பேர்வழி என்று அச்சை வளைத்திருப்பாள் என்று நினைத்தேன். கேட்பதற்கு முன்பே, "மாமா, நான் அத தொடவே இல்ல" என்றாள். கேட்காமலே ஒருவர் இப்படிச் சொன்னால் எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்காகும் என்பது உனக்குத் தெரியும். உன்னை நான் சந்தேகப்பட்டதும் அப்படித்தானே ஆரம்பித்தது.

நம்முடைய நிஜ லாரி பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி. பக்கப் பலகை கிடையாது, வெறும் தட்டை. உத்திரமேரூர்ச் சுற்றுவட்டாரக் களங்களில் வைக்கோல் ஏற்றி, மதராஸில் பால்மாட்டுக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோவோம். நான் டிரைவர், நீ பாரம் கட்டுகிறவன். பண்ணை வேலையிலிருந்து தப்பித்து லாரிக்கு வந்தவன் நீ. எனக்கும் அந்த ஸ்டியரிங்கை விட்டால் ஒரு சாண் நிலம் கிடையாது. ஏரிக்கரை வளைவில் முதல் தடவை பாரம் சாய்ந்தபோது காற்று என்று சொல்லிச் சமாளித்தோம். இரண்டாம் தடவை மொத்த வைக்கோலும் வலப்பக்கமாகச் சரிந்து ஏரித் தண்ணீரில் மிதந்தது. அங்கே ஆள் இல்லாததால் யாருக்கும் அடிபடவில்லை.

"நான் கட்ற பாரம் சாயாது நைனா. நீதான் வளைவுல ஒடிச்சித் திருப்புற" என்றாய்.

"நான் ஓட்ற வண்டி சாயாது. நீதான் கட்டத் தெரியாம கட்டிக்கினு கீற" என்றேன்.

லாரி முதலாளி இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துப் பார்த்தார். "தப்பு யாருதுன்னு பேசி முடிச்சிக்கினு சனிக்கிழம வாங்க. தப்பு பண்ணவன் எறங்கணும். சொல்லாங்காட்டி ரெண்டு பேரும் எறங்குங்க" என்றார்.

மறுநாள் நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நீ லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாய். கையில் முடிச்சு போட்ட நூல். அச்சை அளந்தாய், பாரம் ஏற்றும் தட்டை அளந்தாய், நான் உட்காரும் இடத்தையும் அளந்தாய். என்ன செய்கிறாய் என்று கேட்பதற்குள், "ஒண்ணுமில்ல நைனா, வெளயாட்டு சாமான் பண்ணப் போறேன்" என்றாய். அப்போது உனக்குக் குழந்தையே இல்லை. யாருக்கு விளையாட்டுச் சாமான்?

வீட்டில் சொன்னதும் என் பெண்சாதி அடுப்பிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். "நூலு போட்டு பொணத்ததான் அளப்பாங்க. அந்த ஆளு இன்னாத்துக்கு உன் சீட்ட அளக்கறான்?" அன்று மாலை காயப்போட்ட என் காக்கிச் சட்டையில் இரண்டு பித்தான்களைக் காணோம். அவ்வளவுதான், செய்வினையே வைத்துவிட்டாய் என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து லாரி முகப்பில் கட்டினேன். நீ அதைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சரியாகப் படவில்லை.

புகையிலை கேட்கிற சாக்கில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை. மூலையில் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கினேன். உள்ளே மூன்று லாரிகள். ஒன்று அச்சு முறிந்து கிடந்தது, இன்னொன்றின் தட்டு பிளந்திருந்தது. மூன்றாவது, சாமி சத்தியமாக, நம் லாரியேதான். டீப்பெட்டிப் பலகையில் தட்டு, டயர் செருப்பில் அறுத்த சக்கரம், சைக்கிள் கம்பியில் அச்சு. நிஜ லாரியில் ஒரு முழம், இதில் ஒரு விரற்கடை. முன்பக்கம் நான் புளியமரத்தில் இடித்த நெளிவைக்கூட விடவில்லை. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் என் சட்டைப் பித்தான்கள். உள்ளே ஸ்டியரிங் இருந்தது, சீட் இருந்தது. சீட்டில் மட்டும் ஆள் இல்லை.

கூடையைப் பழையபடி கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். இத்தனை நுணுக்கமாகச் செய்தவனுக்கு ஒரு டிரைவர் பொம்மை செய்ய எவ்வளவு நேரமாகும்? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாய். இதை முதலாளி முன்னால் ஓட்டிக் காட்டி என்னை இறக்கப் போகிறாய் என்று நிச்சயம் செய்துகொண்டேன்.

சனிக்கிழமை நீ துண்டில் சுற்றிய லாரியோடு களத்துக்கு வந்தாய். முதலாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாணம் மெழுகிய தரையில் லாரியை வைத்தாய். சின்னச் சின்னக் கட்டுகளை எடுத்து, தினமும் ஏற்றுகிற மாதிரியே ஏற்றினாய். நீ அதை இழுக்கப் போகிறாய், வளைக்கப் போகிறாய், என் பெயரைச் சொல்லப் போகிறாய் என்று காத்திருந்தேன். நீ கையை மட்டும் எடுத்தாய். பாரம் மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது.

"வண்டி நிக்கிது மொதலாளி. ஓட்றவனே இல்ல. அப்பவும் சாயுது. தப்பு என் கைதான்" என்றாய்.

இதுவும் ஏதோ தந்திரம் என்றுதான் எனக்குத் தோன்றியது. தரை சரிவாக இருக்கும் என்று லாரியைத் திருப்பி வைத்து மறுபடி ஏற்றச் சொன்னேன். ஏற்றினாய். அப்போதும் லாரியின் வலப்பக்கமே சாய்ந்தது. ஏன் என்று கேட்டபோதுதான் என்னைப் பார்த்துச் சொன்னாய்.

"பண்ணையில நான் ஓட்ன ஜோடில வலத்து மாடுதான் நல்லா இழுக்கும். இடத்துது நோஞ்சான். அதான் பாரம் ஏத்தறப்ப வலப்பக்கம் எப்பவும் ஒரு கட்டு கூட வெப்பேன். அந்த மாடுங்க செத்து எத்தினியோ வருசம் ஆவுது நைனா. கைக்கு யாரும் சொல்லல."

முதலாளி, "அப்ப நீ எறங்கு" என்றார். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். திரும்பவும் பண்ணைக்குத்தான் போக வேண்டும். அது உன் முகத்தில் தெரிந்தது. என் குணம் அப்போதுதான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

"இருங்க மொதலாளி. இவன் எறங்குனா புது ஆளு ஏறுவான். அவன் கைல இன்னா கீதோ, எவனுக்குத் தெரியும்? இவன் கைல இன்னா கீதுன்னு தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்ச கைய சந்தேகப்படறது சுலுவு."

அவர் சிரித்துவிட்டார். நான் பின்னால் நின்று பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும் என்ற கட்டளையோடு உன்னை விட்டார்.

திரும்பி வரும்போது, சீட்டை ஏன் காலியாக விட்டாய் என்று கேட்டேன். "உன்ன பொம்ம பண்ணி ஒக்கார வெச்சா உன் பொண்டாட்டி இன்னா சொல்லும்? எலுமிச்சங்கா நான் பாக்கலன்னு நெனச்சியா?" என்றாய். பித்தான்? "அளவுக்கு அதான் சரியா வந்துச்சி." அன்று வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. உன் சிரிப்பு ஓரிக்கை ஊரைத் தாண்டியும் ஓயவில்லை.

அப்புறம் எத்தனை வருடம் ஓட்டினோம்! ஒவ்வொரு களத்திலும் பாரத்தின் உச்சியில் நின்றுகொண்டு, "நைனா, சந்தேகப்பட்டுக்கோ" என்று குரல் கொடுப்பாய். நான் பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். "வலம்!" என்று கத்தினால் ஒரு கட்டைப் பிடுங்கி இடப்பக்கம் சொருகுவாய். களத்து ஆட்கள் நம்மைக் கேலி செய்தார்கள். ஆனால் பாரம் ஒருநாளும் சரியவில்லை.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று, பாடையைத் தூக்கியதும் நான் பழக்கத்தில் பின்னால் போய் நின்றேன். முன்னால் வலப்பக்கம் தூக்கியவன் குள்ளம், பாடை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. "வலம்" என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அவனை நகர்த்திவிட்டு என் தோளைக் கொடுத்தேன். காடு வரைக்கும் நீ நேராகத்தான் போனாய். காரியம் முடிந்ததும் உன் மனைவி இந்த லாரியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

இன்று மேசையும் சரி, அச்சும் சரி. மருமகள் பாவம், அவள் உண்மையிலேயே தொடவில்லை. சந்தேகப்பட மிச்சமிருந்தது ஓர் ஆள்தான். பாரத்தை இறக்கி, இரண்டு பக்கத்துக் கட்டுகளையும் ஜோடி சேர்த்துப் பார்த்தேன். வலப்பக்கம் ஒன்று அதிகம். உன் கையைப் பார்த்துப் பார்த்தே பழகிய கை இது. நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு மாட்டை நம்பி ஒரு கட்டு கூட வைத்திருக்கிறது.

மறுபடி ஏற்றினேன். கடைசியில் அந்த ஒரு கட்டு மட்டும் கையில் மிஞ்சியது. இடமா, வலமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதை வலப்பக்கமே வைத்தேன்.